காஜா பெராங்கில் ஒரு கொடைக்கானல்

மலாக்காவில், காஜா பெராங்கில், நான் குடியிருந்த பலகை வீட்டின் கூரையைக் காற்று தூக்கிக்கொண்டு போனது என்று ஐம்பது வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அது பொய். காற்றின் மேல் பழி போடுவது சுலபம். அது திரும்பி வந்து மறுத்துப் பேசாது. உண்மையில் கூரையைப் பறக்கவிட்டவன் நான்தான். பக்கத்து வீட்டுக் கோழிகள் ஒரு மாதம் முட்டையிடாமல் பயந்து கிடந்ததற்கும் நானே பொறுப்பு. வயதாகிவிட்டது, இனிமேலாவது ஒத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. டவுனில், ரப்பர் ஏற்றுமதி செய்யும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கிராணி வேலை. (குமாஸ்தா என்பதைத்தான் இங்கே கிராணி என்போம். குமாஸ்தா என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கிராணி என்றால் காப்பிக் கடையில் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள்.) பட்டுக்கோட்டைப் பக்கம் போய் மரகதத்தைக் கல்யாணம் செய்துகொண்டு, பதினெட்டு நாள் அவளோடு இருந்துவிட்டு, லீவு முடிந்து தனியாகக் கப்பலேறித் திரும்பி வந்திருந்தேன். ‘இரண்டு மாதத்தில் பின்னாலேயே அனுப்பி வைக்கிறேன்’ என்று சொன்ன மாமனார் ஒன்றரை வருஷமாகக் கடிதம் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

"மலாய் நாடு நெருப்புச் சட்டி என்று போய்வந்தவர்கள் சொல்லுகிறார்கள். குழந்தை மரகதம் இங்கே சித்திரை வெயிலுக்கே மயக்கம் போட்டு விழுகிறவள். தாங்கள் தக்க சௌகரியங்கள் செய்துகொண்டு எழுதவும். பிறகு யோசிப்போம்."

அந்தக் கடிதத்தின் அடியில், மிச்சமிருக்கும் ஒரு விரற்கடை இடத்தில், மரகதம் பொடி எழுத்தில் இரண்டு வரி நுழைத்திருப்பாள். "சாப்பிட்டீர்களா? கூட யார் இருக்கிறார்கள்?" ஒவ்வொரு கடிதத்திலும் அதே இரண்டு வரிதான்.

கூட யாரும் இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குச் சைக்கிளில் வந்து பூட்டைத் திறப்பேன். காலையில் வைத்துவிட்டுப் போன டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் கோபமாக வரும். (டம்ளரோடு சண்டை போடுகிற மனிதன் எந்த நிலைமையில் இருப்பான் என்று நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.) ஆனால் இதையெல்லாம் பெண்டாட்டிக்கு எழுத முடியுமா? ஆண்பிள்ளை, அதுவும் கிராணி! "சௌக்கியமாக இருக்கிறேன், இங்கே நல்ல மழை" என்று எழுதி ஒட்டுவேன்.

இந்த நிலைமையில்தான் மெர்டேக்கா வந்தது. நாடு சுதந்திரமடைந்தது, எங்கள் துரை மூட்டை கட்டினார். போகிற போக்கில் வீட்டுச் சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். டிரைவருக்கு நாய் கிடைத்தது. தோட்டக்காரருக்குக் கடிகாரம். எனக்கு, அவர் படுக்கையறை ஜன்னலில் மாட்டியிருந்த ஏர்-கண்டிஷன் மெஷின். கூடவே ஒரு இங்கிலீஷ் புத்தகம். இன்றைக்கு யோசித்தால், நாயையே கேட்டு வாங்கியிருக்கலாம் என்று தோன்றுகிறது. வீட்டுக்கு வந்தால் வாலாவது ஆட்டியிருக்கும்.

அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. மலாக்காவில் ஏர்-கண்டிஷன் வைத்த வீடுகளை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். இனி மாமனார் வாயைத் திறக்க முடியாதே! நாலு பேர் தூக்கி, மாட்டு வண்டியில் ஏற்றி, மெஷின் காஜா பெராங் வந்து சேர்ந்தது. வயரிங் வேலை செய்யும் சாமிக்கண்ணு அண்ணனைக் கூட்டி வந்தேன். அவர் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, பீடியைப் பற்ற வைத்தார்.

"என்னா கிராணி, பலகை வீட்டுல போயி இத மாட்டச் சொல்றீங்க? சுத்தி சந்து சந்தா ஓட்டை. கூரைக்குக் கீழ பாருங்க, கை நுழையுது. குளிரு நிக்காது லா."

"நீங்க மாட்டுங்கண்ணே. நிக்க வைக்கிறது என் பொறுப்பு."

ஜன்னலை அறுத்து, மெஷினை நுழைத்து, வெளியே தொங்கும் பாதிக்குக் கீழே இரண்டு கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்தினார். சுவிட்சைப் போட்டேன். மெஷின் ‘ஹூம்’ என்று உறுமியது. அதே நொடியில் பக்கத்து வீட்டில் விளக்கெல்லாம் மங்கி, மாக் ஜானகியின் குரல் கேட்டது.

மாக் ஜானகி நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா. (மாக் என்றால் மலாயில் அம்மா.) மலாக்காச் செட்டி வம்சம். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சரோங், மாரியம்மன் கோயிலில் முதல் ஆளாக நிற்பார். வாயைத் திறந்தால் மலாய்தான் வரும், அங்கங்கே தாலி, பொங்கல் என்று நாலு தமிழ் வார்த்தை மிதக்கும். இரண்டு வீட்டுக்கும் ஒரே கரண்ட் லைன். பேச்சுவார்த்தை நடத்தி, சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஆறரை வரை மட்டும் மெஷின் ஓடலாம் என்று ஒப்பந்தமானது. அந்த ஒரு மணி நேரமும் குளிரெல்லாம் பலகைச் சந்து வழியே வெளியேறியது. சந்துகளுக்கு வெளியே இருந்த அவருடைய கோழிகள்தான் சுகமாகக் கண்ணை மூடின.

ஆனாலும் எனக்கு அந்த மெஷினைப் பிடித்துப்போயிற்று. அது ஓடும்போது உள்ளே யாரோ வேலையாக இருப்பதுபோல் ஒரு சத்தம். காலையில் கிளம்பும்போது அதனிடம் ‘வரட்டுமா?’ என்று கேட்க ஆரம்பித்தேன். ஆறரைக்கு அணைத்த பிறகு வீடு முன்பைவிட அமைதியாகிவிடும். அதற்கப்புறம் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்காது.

மாமனாருக்கு எழுதினேன். "தங்கள் ஆசீர்வாதத்தால் வீடு இப்போது கொடைக்கானல்போல் இருக்கிறது. மாலையில் கம்பளிக் கோட்டு இல்லாமல் உட்கார முடிவதில்லை." சாட்சிக்குப் போட்டோ வேண்டுமே? கப்பல் கிராணி ஒருவரிடம் கோட்டும் மப்ளரும் இரவல் வாங்கிக்கொண்டு, போட்டோக்காரரை வீட்டுக்கே வரவழைத்தேன். நண்பகல் நேரம். மெஷினுக்குப் பக்கத்தில், நடுங்குகிற மாதிரி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். சுவிட்சைப் போட்டதும் பியூஸ் போயிற்று. போட்டோக்காரர் மூன்று தடவை என் முகத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். படத்தில் நான், மழையில் நனைந்து வந்து கோட்டுப் போட்டவன் மாதிரி இருந்தேன்.

மாமனார் அசரவில்லை. "போட்டோ கிடைத்தது. தேகம் வேர்த்திருக்கிறதே, காய்ச்சலா? நிற்க. அங்கே கடலுக்கு அக்கரையிலிருந்து சுமத்ராக் காற்று என்று ஒன்று அடித்து, வீடுகளைப் புரட்டிவிடும் என்று கேள்விப்பட்டோம். அந்தக் காற்றுக் காலத்தை வீடு தாங்குகிறதா என்று பார்த்து எழுதவும். தாங்கினால் மரகதத்தை அடுத்த கப்பலில் அனுப்புகிறேன். இல்லையேல் இந்தப் பேச்சை விட்டுவிடலாம்." கீழே அதே பொடி எழுத்து. "சாப்பிட்டீர்களா? கூட யார் இருக்கிறார்கள்?"

"மெஷின் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் அறையைக் குளிர வைத்துவிடும்" என்று பதில் போட்டேன். (கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. அறிவு கெட்டவன்!)

காற்றுக் காலத்துக்கு வீட்டைத் தயார் செய்ய, மாக் ஜானகிக்கு ஒரு முறை உண்டு. வீட்டின் மேல் சாய்கிற தென்னை மட்டைகளை வெட்டுவார். தகரத்தைக் கம்பியால் உத்தரத்தோடு சேர்த்துக் கட்டுவார். வானம் கறுத்ததும் முன்பக்கமும் பின்பக்கமும் எதிரெதிரே இரண்டு ஜன்னல்களைத் திறந்துவிடுவார். மழை உள்ளே அடிக்கும், பாய் நனையும். துடைத்துக்கொள்ளலாம். அவர் பிறந்ததிலிருந்து அந்த வீடு அப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறது.

நானோ படித்தவன். துரையின் புத்தகத்தை எடுத்தேன். அது வேறு ஏதோ தேசத்தில், செங்கல் வீட்டுக்காரர்களுக்காக எழுதியது. ‘ஹரிக்கேன் காலத்துக்கு முன் மெஷினையும் வீட்டையும் தயார் செய்வது எப்படி’ என்று தனி அத்தியாயமே இருந்தது. (அதுவரை எனக்குத் தெரிந்த அரிக்கேன், மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவது.) முதல் விதி, வீட்டிலுள்ள எல்லா இடைவெளிகளையும் அடை. ஆகா! காற்றுக்கும் ஆயிற்று, குளிருக்கும் ஆயிற்று.

ஒரு வாரம் லீவு போட்டேன். மைதா மாவைக் காய்ச்சிப் பசை செய்தேன். ஆபீசில் கிடந்த பழைய தமிழ்ப் பேப்பர்களையெல்லாம் கட்டித் தூக்கி வந்தேன். பலகைச் சந்துகளில் ஐந்து சுற்று ஒட்டினேன். கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்றுப் போக விட்டிருந்த மரச் சட்டங்களின் மேல் ரப்பர் பெட்டிப் பலகையை வைத்து ஆணி அடித்தேன். முன் ஜன்னல், பின் ஜன்னல் எல்லாவற்றுக்கும் குறுக்குச் சட்டம். வீட்டுக்குள் பேச்சுக் குரல் கேட்டு எத்தனை மாதமாயிற்று? அந்த ஒரு வாரமும் சுவரில் ஒட்டிய செய்திகளை உரக்கப் படித்துக்கொண்டே வேலை செய்தேன். எந்தத் தலைவர் எங்கே பேசினார், எந்த ஊரில் யார் காலமானார் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன்.

சுத்தியல் சத்தம் கேட்டு மாக் ஜானகி வந்தார். நிமிர்ந்து கூரையைப் பார்த்ததும் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"ஜாங்ஙான் துத்தூப், கிராணி! அங்கின் மாவ் ஜாலான்!"

மூடாதே, காற்றுக்குப் போக வழி வேண்டும் என்கிறார். எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்தால் கேட்டுவிட வேண்டுமா என்ன? புத்தகத்தைத் திறந்து படத்தைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இது கல் வீடு" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். போகும்போது என் வாசலில் ஒரு தட்டுப் பலகாரம் வைத்துவிட்டுப் போனதை நான் சாயங்காலம்தான் கவனித்தேன்.

புத்தகத்தில் இல்லாத ஒரு காரியமும் செய்தேன். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று மெஷினைப் பார்க்கிறார்களே, கண் பட்டுவிடாதா? பாசாரில் போய் நல்ல முற்றிய நீர்ப்பூசணி ஒன்று வாங்கி, கரியும் சுண்ணாம்பும் குழைத்துக் கண், மூக்கு, கோரைப்பல், முறுக்கு மீசை எல்லாம் எழுதி, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். எங்கே? மெஷினுக்கு முட்டுக் கொடுத்த கட்டையில். அதைப் பார்த்த சாமிக்கண்ணு அண்ணன், "முட்டுல போயி பாரத்தக் கட்டலாமா கிராணி?" என்றார். "திருஷ்டி எங்க விழுதோ அங்கதான்ணே கட்டணும்" என்று அவருக்கே பாடம் எடுத்தேன்.

மறுநாள் ஞாயிறு. காலை ஏழு மணி இருக்கும். மாமனாருக்கு எழுதி வைத்திருந்த கடிதம் மேஜையில் கிடந்தது. "எங்கள் வீடு கோட்டை. சுமத்ராக் காற்று வந்தாலும் வாசலில் நின்று அனுமதி கேட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்." காற்று ஒன்று அடித்து ஓய்ந்ததும் தேதி போட்டுத் தபாலில் சேர்ப்பதாகத் திட்டம். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். கிளேபாங் பக்கம் கடல் மேலே வானம் மைக்கறுப்பாக எழும்பியது. சரசரவென்று கோழிகள் கூண்டுக்குள் ஓடின. மாக் ஜானகி வீட்டு ஜன்னல்கள் இரண்டும் படார் படாரென்று திறந்துகொண்டன.

நான் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வரட்டும் பார்க்கலாம்!

வந்தது. முதல் மோதலில் வீடு முழுவதும் மூச்சைப் பிடித்தது. ஒரு சந்தில்கூடக் காற்று நுழையவில்லை. ‘பார்த்தாயா?’ என்று வாய்விட்டே சொன்னேன். அடுத்தபடியாக வெளியே டொம், டொம், டொம் என்று சத்தம் கேட்டது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று நினைத்து, இந்த நேரத்திலும் ஒருவர் என்னைத் தேடி வந்தாரே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. வந்தவர் பூசணிக்காய். காற்றில் ஊஞ்சலாடி, முட்டுக் கட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தார். பத்தாவது ஆட்டத்தில் கட்டை கழன்றது. மெஷின் மெதுவாக வெளிப்பக்கம் முதுகைச் சாய்த்தது. "ஐயோ, போகாதே!" என்று பாய்ந்து அதன் முன்பக்கப் பிடியைக் கட்டிக்கொண்டேன். பிடி மட்டும் என் கையில் நின்றது. மற்றதெல்லாம் கொல்லையில் போய் விழுந்தது.

இப்போது சுவரில் மெஷின் அளவுக்கு ஒரு பொத்தல். அதன் வழியாக மொத்தச் சுமத்ராவும் உள்ளே வந்தது. வந்த காற்று வெளியே போக வழி தேடியது. பக்கத்தில் தேடியது, மேலே தேடியது, நான் அங்குலம் அங்குலமாக அடைத்து வைத்திருந்தேன். கடைசியில் அது கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. ஆறு தகரம், ஒன்றன்பின் ஒன்றாக, கைதட்டுவதுபோல் ஓசையெழுப்பிக்கொண்டு மாக் ஜானகியின் கோழிக் கூண்டின் மேல் இறங்கின. நான் வாயில் பற்பசையோடு, கையில் பிடியோடு, கொட்டுகிற மழையில் வானத்தைப் பார்த்து நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் வீடு நிஜமாகவே குளிர்ந்தது.

அரை மணியில் எல்லாம் ஓய்ந்துவிட்டது. மாக் ஜானகியின் வீட்டில் ஒரு பாய்தான் நனைந்திருந்தது. என் வீட்டிலிருந்து வெளியே பறந்தவற்றை அவர் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் போனபோது, சரோங் காயப் போடும் கொடியில் வரிசையாகக் காகிதங்கள். மரகதத்தின் வரிகள் இருந்த கடிதங்கள் அத்தனையும், ஒவ்வொன்றாகத் துணிக் கவ்வி போட்டு மாட்டியிருந்தார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் சேதம் பார்க்க ஓடி வந்த சாமிக்கண்ணு அண்ணனுக்கும், அவரோடு வந்த அரைத் தெருவுக்கும் நன்றாகவே தெரியும்.

அண்ணன் கொடியின் முதல் காகிதத்தை, என் கையெழுத்தில் இருந்ததை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"‘எங்கள் வீடு கோட்டை. சுமத்ராக் காற்று வந்தாலும் வாசலில் நின்று அனுமதி கேட்டுவிட்டுத்தான்...’ ஏன் கிராணி, இது அனுமதி கேட்டுச்சா?"

தெருவே சிரித்தது. கோழிக் கூண்டுக்குப் பின்னாலிருந்துகூட யாரோ சிரித்தார்கள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது. மாக் ஜானகி மட்டும் சிரிக்காமல், அடுத்த காகிதத்தைக் காட்டி, அடியில் பொடியாக இருக்கிறதே, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நான் படித்து மலாயில் சொன்னேன். அடுத்ததைக் காட்டினார். படித்தேன். அதற்கடுத்தது. ஐந்தாவது கடிதத்துக்கு வந்தபோது எனக்கே காதில் விழுந்தது. பதினாறு கடிதத்தில் பதினாறு தடவை அவள் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். பதினாறு தடவையும் நான் அவளுக்கு மழையையும் மெஷினையும் பற்றிப் பதில் எழுதியிருக்கிறேன்.

"நீ என்ன பதில் போட்டாய்?" என்று கேட்டார் மாக் ஜானகி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் நடுவில், ஈரப் பனியனோடு, ஒரு கிராணி அழுதான். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தகரம் பொறுக்கப் போய்விட்டார்கள்.

அன்று மத்தியானம் மாக் ஜானகி வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அவர் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினேன். மாமனாருக்கு அல்ல. "மரகதத்துக்கு. கூரை போய்விட்டது. மெஷினும் போய்விட்டது. இனி வீட்டில் குளிர் கிடையாது, முன்பும் இருந்ததில்லை. என்கூட யாரும் இல்லை. தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை. உனக்கு இஷ்டமிருந்தால் வா." ஒட்டித் தபாலில் போட்டுவிட்டு, கல்யாணம் முறிந்தது என்றே முடிவு கட்டினேன். கூரையில்லாத வீட்டுக்கு எந்த அப்பன் பெண்ணை அனுப்புவான்?

மூன்றாவது மாதம், போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பல் படியில் மரகதம் இறங்கி வந்தாள். கொளுத்துகிற வெயிலில் அவள் கையில் மூட்டை மூட்டையாகக் கம்பளி.

"என்ன இது?"

"அப்பா வாங்கிக் குடுத்தது. உங்க லெட்டர் வந்தப்ப அப்பா வயலுக்குப் போயிருந்தாங்க. மாப்பிள்ளை வீட்டுல குளிரு தாங்கலையாம், காத்துக்கும் வீடு அசையலையாம், உடனே வரச் சொல்லிட்டாருன்னு நான் சொல்லிட்டேன்."

"பொய்யா சொன்னே?"

"நீங்க ஒன்றரை வருஷமா சொன்னதுல இது ஒண்ணும் பெரிசில்ல" என்றாள். மலாக்கா வந்து சேரும்வரை பஸ்ஸில் அந்தக் கம்பளி மூட்டைகளை நான்தான் மடியில் சுமந்தேன்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. யாராவது விஷயத்தைச் சொல்லாமல் சுற்றி வளைத்தால், "கூரை பறந்துருச்சா?" என்று மரகதம் கேட்பாள். மகள் பரீட்சையில் தவறியபோது கேட்டாள். மகன் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு மூன்று நாள் பந்து விளையாட்டைப் பற்றியே பேசியபோது கேட்டாள். கேட்டால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அதுதான் சட்டம். எங்கள் வீட்டுக்கு வந்த மருமகளுக்கு முதலில் சொல்லிக் கொடுத்ததே இந்தக் கதையைத்தான். நடித்துக் காட்டியவள் மரகதம், பூசணிக்காயாக ஆடியவன் என் மகன்.

மரகதம் போய் நாலு வருஷம் ஆகிறது. மலாக்காவிலேயே செங் என்ற இடத்தில் பிறகு வாங்கிய வீட்டில் இப்போது நான் மட்டும்தான். போன ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்கப்பூரிலிருந்து மகன் போன் செய்தான். எப்படி இருக்கிறீர்கள் என்றான். நன்றாக இருக்கிறேன் என்றேன். புகைமூட்டம் குறைந்துவிட்டது, குழாயை மாற்றியாயிற்று, எதிர்வீட்டில் புதிதாகச் சாயம் அடிக்கிறார்கள் என்று பத்து நிமிஷம் சொல்லிக்கொண்டே போனேன்.

"அப்பா," என்றான். "கூரை பறந்துருச்சா?"

இல்லைடா, எல்லாம் சௌகரியமாகத்தான் இருக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பறந்துருச்சுடா" என்றேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் கார் வாசலில் வந்து நின்றது.